புற்றுநோயிலிருந்து மீண்ட குழந்தை... அந்த ஃபைலை மட்டும் பரணில் போட்டுவிடாதீர்கள்!

வெள்ளிக்கிழமை இரவு 8 மணி. அம்மாவின் போனில் அலாரம் அடிக்கிறது. வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைக்காக வைத்த அலாரம். மாத்திரையை நிறுத்தி நான்கு மாதம் ஆகிவிட்டது. அணைக்கிறார். ஆனால், அலாரத்தையே எடுத்துவிட மனம் வரவில்லை.

இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் பேட்டி அல்ல. ரத்தப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு, பல வீடுகளில் நடப்பவற்றைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு சித்திரம். வீடு குன்றத்தூரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேரடியிலிருந்து உள்ளே தள்ளி, மாடியில் ஒரு வாடகை போர்ஷன். அப்பாவுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. கார், லாரி, பைக், டயர் என்று அந்தப் பக்கம் தயாராகாத பொருளில்லை. ஏ ஷிஃப்ட் என்றால் விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். அம்மாவும் முன்பு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பேக்கிங் வேலைக்குப் போனவர். குழந்தைக்கு நோய் என்று தெரிந்த வாரம் நின்றவர்தான்.

இரண்டரை ஆண்டு சிகிச்சை. இப்போது குழந்தைக்கு எட்டு வயது. ரிப்போர்ட் நார்மல். சொந்தக்காரர்கள் போன் செய்து, ''அப்பாடா, எல்லாம் முடிஞ்சுதே'' என்கிறார்கள். அம்மா, ''ஆமாங்க'' என்கிறார். வேறு என்ன சொல்வது?

கடைசி மாத்திரைக்குப் பிறகு வரும் பயம்

சிகிச்சைக் காலத்தில் செய்வதற்கு ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். எந்த நாளில் ஊசி, எந்த நாளில் ரத்தப் பரிசோதனை, எந்த மாத்திரை எத்தனை என்று எல்லாம் அட்டையில் எழுதியிருக்கும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், நேரம் காலம் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பயம் இருந்தது. ஆனால், பயத்துக்கு ஒரு டைம்டேபிளும் இருந்தது.

மாத்திரை நின்றதும் அந்த டைம்டேபிள் போய்விடுகிறது. வாரா வாரம் பார்த்த நர்ஸ் இல்லை. பக்கத்துப் படுக்கை அம்மா இல்லை. குழந்தை முழங்காலில் ஒரு நீலக் கன்றலோடு விளையாடிவிட்டு வருகிறது. எங்கே இடித்துக்கொண்டாய் என்று கேட்பதற்கு முன்பே அம்மாவின் கை மற்ற காலையும் பார்க்கிறது, கழுத்தில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று தடவுகிறது. தலைக்குக் குளிப்பாட்டுவதே ஒரு பரிசோதனையாகிவிடுகிறது.

1981-ல் அமெரிக்காவில் கூச்சர், ஓ'மேலி என்ற இருவர், குழந்தைப்பருவப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் மனநிலையை ஆராய்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அதற்கு வைத்த பெயரில் டமாக்ளிஸ் என்ற பழைய கிரேக்கக் கதை மனிதர் இருக்கிறார். விருந்தில் ராஜ மரியாதையோடு உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேலே ஒரு கத்தி ஒற்றைக் குதிரை முடியில் தொங்கும். சாப்பாடு எப்படி இறங்கும்? மீண்ட குழந்தையின் வீடும் அப்படித்தான் என்று அவர்கள் பார்த்தார்கள்.

இந்தப் பயம் வீண் பயம் அல்ல. நோய் திரும்ப வரும் வாய்ப்பு, சிகிச்சை முடிந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் அதிகம். அதன்பிறகு வேகமாகக் குறைகிறது. அதனால்தான் முதலில் அடிக்கடியும், பிறகு மூன்று மாதம், ஆறு மாதம், வருடத்துக்கு ஒருமுறை என்றும் செக்கப்பைத் தள்ளிவைத்துக்கொண்டே போகிறார்கள். மருத்துவர்கள் 'குணமாகிவிட்டது' என்ற வார்த்தையை எடுத்த எடுப்பில் சொல்லாமல் ஐந்து ஆண்டு என்று இழுப்பதும் இதனால்தான். அது தெரியாதபோது, 'டாக்டர் எதையோ மறைக்கிறார்' என்று வீட்டில் தூக்கம் கெடுகிறது.

மெட்ராஸில் படித்தவர் கொடுத்த மருந்து

சிகிச்சை முடிந்த பிறகு என்ன செய்வது என்று கவலைப்படும் நிலைமையே பழைய காலத்தில் இல்லை. 1940-களில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு வாரங்கள், மிஞ்சிப்போனால் மாதங்கள்தான். 1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், அமினோப்டெரின் என்ற மருந்தால் சில குழந்தைகளின் நோய் தற்காலிகமாக அடங்கியதை வெளியிட்டார். அந்த மருந்தை அவருக்குக் கொடுத்தது லெடர்லி என்ற கம்பெனியின் ஆராய்ச்சிக் குழு. அதன் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். மெத்தோட்ரெக்ஸேட்டும் அதே குடும்பத்து மருந்துதான். குன்றத்தூர் அம்மாவின் வெள்ளிக்கிழமை அலாரத்துக்கும் சென்னைக்கும் அப்படி ஒரு பழைய உறவு.

இன்னொரு மருந்தான வின்கிறிஸ்டின், நம் வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டுக்குள் சேர்க்காமல் ஒதுக்குகிறோமே, அதே செடிதான்!

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று தொடங்கியது 1954-ல். அப்போது 12 படுக்கைகள். 1960-லேயே அங்கு குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு வந்துவிட்டது. 1955-ல் அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகத்தோடுதான் வாழ்ந்தார். 1980-களில் அடையாறும், மும்பை டாடா நினைவு மருத்துவமனையும், டெல்லி எய்ம்ஸும் ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றின. எம்.சி.பி 841 என்று அதற்குப் பெயர். மூன்று இடங்களிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளும் இளைஞர்களும் அந்த முறையில் சிகிச்சை பெற்றார்கள். அவர்களில் பிழைத்தவர்கள் பலருக்கு இப்போது நாற்பது வயது, அதற்கும் மேல். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, நம்மோடு பஸ்ஸில் நிற்கிறார்கள். நமக்குத்தான் தெரியாது.

தெரியாமல் இருப்பதற்கு ஒரு காரணம், பலர் சொல்வதில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

மலையேறி ஒரு மொட்டை

சிகிச்சையின்போது குன்றத்தூர் மலைமேல் இருக்கும் முருகனுக்குப் பாட்டி வேண்டிக்கொண்டிருப்பார்: 'பிள்ளை பிழைச்சு வந்தா மொட்டை போடறேன்பா.' பிள்ளை பிழைத்து வந்துவிட்டது. முடியும் வளர்ந்துவிட்டது. சில குழந்தைகளுக்குப் புது முடி சுருட்டையாக வரும். அதையே கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை இப்போது நாற்காலியில் உட்காரவைத்துச் சிரைக்க வேண்டும்.

பிள்ளை அலறுகிறது. அதற்கு மொட்டை என்றால் வாந்தி, ஊசி, பள்ளிக்கூடம் போகாத நாள்கள். பாட்டிக்கோ அது கடன். தீர்க்காவிட்டால் மறுபடி வந்துவிடுமோ என்ற பயம். நடுவில் அம்மா. இதில் யார் பக்கம் நிற்பது என்று எந்த மருத்துவப் புத்தகமும் சொல்லாது. பூ முடி கொடுத்து ஒரு கொத்தோடு முடித்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. மீதியை பிள்ளை வளர்ந்து தானே வந்து கொடுக்கட்டும் என்று முருகனிடம் தவணை கேட்பவர்களும் உண்டு. முருகன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்பவராகத் தெரியவில்லை.

சாப்பாடு இன்னொரு பஞ்சாயத்து. ஸ்டீராய்டு கொடுத்த மாதங்களில் பிள்ளை நடுராத்திரி எழுந்து இட்லி கேட்டிருக்கும். கன்னம் உப்பி, வயிறு பெருத்து, எது கொடுத்தாலும் போதாது. இப்போது மற்ற பிள்ளைகளைப் போலத் தட்டில் பாதியை வைத்துவிட்டு ஓடுகிறது. அம்மாவுக்கு அதுவும் கவலை. பக்கத்து வீட்டுக்காரர் பப்பாளி இலைச் சாறு என்கிறார், மாமியார் ஊரிலிருந்து ஒரு நாட்டு மருந்துப் பொட்டலம் வருகிறது. பெயர் தெரியாத பொடி எதையும் ஈரலுக்கு ஓய்வு தேவைப்படும் இந்த நேரத்தில் கொடுக்கக் கூடாது என்பதில் மருத்துவர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள். எதிர்ப்பு சக்தி தேறச் சில மாதங்கள் ஆகும். சில தடுப்பூசிகளைச் சுமார் ஆறு மாதம் கழித்து மறுபடி போடச் சொல்வார்கள். அந்தத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்வது பொடியைவிட உபயோகம்.

அக்காவின் கணக்கு

இந்த வீட்டில் ஒரு அக்காவும் உண்டு. தம்பிக்கு நோய் வந்தபோது பத்து வயது. அந்த வாரமே உத்திரமேரூர் பக்கம் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடம் மாறியது. இரண்டு பிறந்தநாள் போனில் நடந்தது. அம்மா வரும்போதெல்லாம், ''நீ பெரிய பொண்ணு, புரிஞ்சுக்கணும்'' என்றார். அவளும் புரிந்துகொண்டாள்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். தம்பி ரிமோட்டைப் பிடுங்கினால் அவள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அவன் அடித்தால் அவள் திருப்பி அடிக்கக் கூடாது. பொறாமை வருகிறது, பொறாமைப்படுவதற்கு வெட்கமும் வருகிறது. தம்பி செத்துவிடுவானோ என்று பாட்டி வீட்டில் தனியாக அழுத ராத்திரிகளை யாரிடமும் சொன்னதில்லை. கேட்கவும் இல்லை. அவளுக்குத் தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி வர ஆரம்பித்தால் அது ஸ்கேனில் தெரியாத வலியாக இருக்கலாம்.

தம்பிக்கும் இது நல்லதல்ல. தப்பு செய்தால் திட்டு வாங்காத ஒரே பிள்ளை தான்தான் என்பது எட்டு வயதில் நன்றாகவே புரியும். 'ஏன் என்னை மட்டும் திட்டமாட்டேங்கறாங்க, நான் இன்னும் சரியாகலையா?' என்று அது யோசிக்கவும் செய்யும். திட்டுவது சில வீடுகளில் பாசத்தின் முதல் அடையாளமாகத் திரும்பி வருகிறது.

சம்பளம் கூடினால் ஒரு சங்கடம்

சிகிச்சைக்குப் பணம் கட்டாமல் முடிந்தாலும் செலவு இல்லாமல் முடிவதில்லை. போரூர், கிண்டி வழியாக அடையாறுக்கு ஆட்டோ. பஸ்ஸில் ஏற்றினால் தொற்று பயம். கேன்டீன் சாப்பாடு, லாஸ் ஆஃப் பே, அம்மாவின் போன சம்பளம். நகைக்கடன், ஏலச்சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்தது, மேஸ்திரியிடம் கைமாற்று. நோய் போய்விட்டது, வட்டி போகவில்லை. அப்பா ஓவர்டைம் எதையும் விடுவதில்லை. பிள்ளை பிழைத்த பிறகு அவனைப் பார்க்கவே அவருக்கு நேரமில்லை.

இந்தத் தொழிற்சாலை வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் உண்டு, குடும்பத்துக்கும் உண்டு. சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டினால், நடப்பு ஆறு மாத சந்தா காலம் முடிந்ததும் சந்தா பிடிப்பது நின்று, பிறகு பாதுகாப்பும் நின்றுவிடும். சரி, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்றால், அதற்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் நல்ல திட்டம்தான். ஆனால், மாதம் 22,000 வாங்குபவரின் ஆண்டு வருமானம் 2,64,000. இதிலும் இல்லை, அதிலும் இல்லை. இன்கிரிமென்ட் வந்த மாதம் ஸ்வீட் வாங்குவதா, கவலைப்படுவதா?

கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ் இருந்தால் அதில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். தனியாக பாலிசி எடுப்பதென்றால் பழைய நோயை மறைக்காமல் எழுதுவது முக்கியம். மறைத்தது பிறகு தெரிந்தால் க்ளெய்ம் போய்விடும். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை இன்ஷூரன்ஸ் ஆணையம் 2024-ல் அதிகபட்சம் 3 ஆண்டாகக் குறைத்திருக்கிறது. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், சிகிச்சை முடிந்து குறிப்பிட்ட ஆண்டுகள் ஆனவர்கள் வீட்டுக்கடன் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பழைய புற்றுநோயைச் சொல்லவே தேவையில்லை என்று 2016-ல் சட்டம் போட்டது. நமக்கு அந்த நாள் எப்போது வருமோ.

பள்ளிக்கூட விஷயம் இதைவிடச் சுலபம். இரண்டு வருடம் போய்விட்டதே, சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். ''ஒட்டிக்குமா?'' என்று மற்ற அம்மாக்கள் கேட்பார்கள். ஒட்டாது. பி.டி. பீரியடில் பிள்ளையை மரத்தடியில் உட்காரவைக்கும் ஆசிரியர் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார். ஓடலாம் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த ஒரு சீட்டு இருந்தால் அவருக்கும் தைரியம் வரும்.

ஃபைல் எங்கே?

இப்போது, சொல்லாமல் விட்ட விஷயம்.

பல வீடுகளில் பிள்ளையிடமே நோயின் பெயரைச் சொல்வதில்லை. 'ரத்தத்துல பூச்சி', 'மஞ்சக்காமாலை மாதிரி ஒண்ணு' என்று சமாளித்திருப்பார்கள். பெண் குழந்தை என்றால் இன்னும் கெடுபிடி. நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்ற ஒரே கேள்வியில், சிகிச்சை ஃபைல் ஒரு மஞ்சள் பையில் கட்டப்பட்டுப் பரணுக்குப் போகிறது. வீடு மாறும்போது காணாமலும் போகிறது. குன்றத்தூரில் வாடகை ஏறினால் மணிமங்கலம், அங்கிருந்து படப்பை என்று மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களில் பரண்கூட நிரந்தரம் இல்லை.

அந்த ஃபைலில் இருப்பது பழைய கதை மட்டுமல்ல. ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து ஏற்றியது பெற்றோருக்கு நினைவிருக்கும். டானோரூபிசின் அல்லது டாக்சோரூபிசின். புற்றுநோயை அடக்கிய அதே மருந்து, மொத்த அளவைப் பொறுத்து, சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இதயத் தசையைப் பலவீனப்படுத்தலாம். வெளியே ஒன்றும் தெரியாது. குறிப்பிட்ட இடைவெளியில் எக்கோ எடுத்தால் முன்கூட்டியே தெரியும், மருந்தும் இருக்கிறது. தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் வளர்ச்சி, தைராய்டு, படிப்பில் கவனம் இவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு இடுப்பு, முழங்கால் வலி வந்தால் எலும்பைப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் எல்லாம் வராது. யாருக்கு எதைத் தேட வேண்டும் என்பது, யாருக்கு எந்த மருந்து எவ்வளவு போனது என்பதைப் பொறுத்தது. அது ஃபைலில்தான் இருக்கிறது.

இதே பெண்ணை 25 வயதில் நினைத்துப் பாருங்கள். கல்யாணமாகி, ஐந்து மாதக் கர்ப்பம். பரிசோதனைக்குப் போகிறாள். 'சின்ன வயசுல ஏதாவது பெரிய நோய் இருந்துச்சா?' என்று கேட்கிறார் டாக்டர். 'இல்லைங்க' என்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. கர்ப்ப காலத்தில் இதயத்துக்கு வேலை அதிகம். முன்பே தெரிந்தால் ஒரு எக்கோ எடுத்துக் கூடவே கவனித்துக்கொள்ளலாம். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், மாப்பிள்ளையின் அம்மாவும் உட்கார்ந்திருப்பதால் வாய் திறக்க முடியாமல்.

கல்யாண பயத்துக்கும் மருத்துவம் கொஞ்சம் பதில் வைத்திருக்கிறது. வழக்கமான ரத்தப் புற்றுநோய் சிகிச்சை எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்குக் குழந்தைப்பேறு பாதிக்கப்படுவதில்லை. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகமாக வருவதாகவும் ஆய்வுகள் காட்டவில்லை.

மீண்டவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்றே டாடா நினைவு மருத்துவமனை 1991-ல் தனி கிளினிக் தொடங்கியது. மும்பையில் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆதரவில், குழந்தையாக இருந்தபோது மீண்டவர்கள் சேர்ந்து 'உகம்' என்ற குழுவை நடத்துகிறார்கள். புதிதாக வரும் பிள்ளைகளிடம், 'எனக்கும் இதுதான் இருந்துச்சு' என்று சொல்ல அங்கு வளர்ந்த ஆள் கிடைக்கிறார். நம் ஊரில் அந்த வார்த்தையைச் சொல்லத் தயாராக இருப்பவர்கள் குறைவு.

குழந்தையிடம் எப்போது சொல்வது? ஒரே நாளில் உட்காரவைத்துச் சொல்லும் விஷயமல்ல. எட்டு வயதுக்கு, 'உனக்கு லுக்கீமியான்னு ஒரு நோய் இருந்துச்சு, மருந்து கொடுத்தோம், போயிடுச்சு, மறுபடி வராம இருக்கான்னு பார்க்கத்தான் செக்கப்' என்பது போதும். பதின்மூன்று வயதில் ஃபைலைத் திறந்து காட்டலாம். பதினெட்டில் அது அவர்கள் ஃபைல்.

முழு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலையவும் வேண்டாம். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது ஓபியில் டாக்டரிடம், 'சிகிச்சை விவரம் சுருக்கமா ஒரு பக்கத்துல எழுதித் தாங்க' என்று கேளுங்கள். நோயின் முழுப் பெயர், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, கொடுத்த மருந்துகள், சிவப்பு மருந்தின் மொத்த அளவு, கதிர்வீச்சு உண்டா, எந்தப் பரிசோதனை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை. போட்டோ எடுத்து அம்மா, அப்பா இருவர் போனிலும், இருந்தால் அக்காவுக்கும் அனுப்பி வையுங்கள். ஒரிஜினலை லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வையுங்கள்.

அப்பாவுக்கு அன்று பி ஷிஃப்ட் என்றால் காலை ஓபியை முடித்துவிட்டு மதியம் கம்பெனி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். லாஸ் ஆஃப் பே இல்லை. இந்த முறை பிள்ளையை ஆட்டோவில் கூட்டிப்போக வேண்டியதில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட் கேட்கும்.